வயர் இல்லாத கன்ட்ரோலரும் என் வலது கையும்

அன்புள்ள தம்பிக்கு,

சென்ற புரட்டாசியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, நம் குடும்ப வரலாற்றில் இடம்பெற வேண்டிய முடிவு ஒன்று எடுக்கப்பட்டது. டிவிக்குக் கீழே இருக்கும் ப்ளக் பாயிண்டிலிருந்து கொசு மருந்து மெஷினைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தை நீ அனுப்பிய கேம் கன்ட்ரோலரின் சார்ஜருக்கு ஒதுக்குவது என்பதே அது. முடிவு எளிதில் எட்டப்படவில்லை. வாய்க்காலில் தண்ணீர் ஓடும் மாதங்களில் பூதலூர்ப் பக்கத்துக் கொசு எப்படிப்பட்டது என்பதை உன் அம்மா தக்க உதாரணங்களோடு எடுத்துரைத்தாள். நான் டாக்டரின் ஆலோசனையை மேற்கோள் காட்டினேன். டாக்டர் ப்ளக் பாயிண்டைப் பற்றி ஒன்றும் சொன்னதாகத் தெரியவில்லையே என்றாள். முடிவில் கொசு மருந்து மெஷின் சமையலறைக்குப் போனது. அங்கே இருந்த மிக்சி சாப்பாட்டு மேஜைக்கு வந்தது. மேஜையில் இருந்த என் புத்தகங்கள் அலமாரியின் தலைமேல் ஏறின. ஆட்சி மாறினால் கலெக்டர்கள் மாறுவது போலத்தான். இதில் யாரையும் குறை சொல்வதற்கில்லை.

இந்தக் கடிதம் அந்தக் கன்ட்ரோலரைப் பற்றியது. நீ நெதர்லாந்துக்குப் போய்ச் சேர்ந்து, வீடு பார்த்து, புது வேலையில் உட்கார்ந்த பிறகுதான் இதை எழுதுவது என்று காத்திருந்தேன். கிளம்புகிறவனைப் பின்னாலிருந்து கூப்பிடக் கூடாது என்பார்கள். நான் சகுனம் பார்க்கிறவன் இல்லை. இந்த ஒரு சகுனம் எனக்கு வசதியாக இருந்ததால் பார்த்தேன். நான் சொல்லச் சொல்ல உன் அம்மா எழுதுகிறாள். என் வலது கை இப்போது பேனாவோடு ஒத்துழைப்பதில்லை. சில இடங்களில் நான் பேசி முடித்த பிறகும் அவள் பேனா ஓடிக்கொண்டே இருக்கிறது. என்ன எழுதினாய் என்று கேட்டால், "நீங்க சொன்னதத்தான்" என்கிறாள். ஹெட்மாஸ்டராக இருந்த காலத்தில் எத்தனையோ சுற்றறிக்கைகளைச் சொல்லி எழுதவைத்திருக்கிறேன். இத்தனை தாராளமான எழுத்தர் எனக்கு அப்போது அமையவில்லை.

கை நடுங்குகிறது என்று எனக்கு முதலில் சொன்னது வங்கிதான். என் கையெழுத்து என்னுடையது மாதிரி இல்லை என்று கவுண்டரில் இருந்த பெண் பணிவோடு சொன்னாள். மறுபடி போட்டேன். அது இன்னும் வேறொருவருடையது போல வந்தது. பிறகு தஞ்சாவூர் டாக்டர் அதற்கு ஒரு பெயர் சொன்னார், மாத்திரை எழுதினார், விரல்களுக்கு வேலை கொடுங்கள் என்றார். வேலை என்றால் ஒரு ரப்பர் பந்தை அமுக்குவது. பஸ் ஸ்டாண்டில் நான் பந்தை அமுக்கிக்கொண்டு நின்றதைப் பழைய மாணவன் ஒருவன் பார்த்து, "பேரனுக்கா சார்?" என்று விசாரித்தான். பேரன் இல்லை என்று சொன்னால் அடுத்த கேள்வி வரும் என்பதால், ஆமாம் என்று தலையசைத்துவிட்டு பஸ் ஏறினேன். பந்தை அன்றோடு ஓய்வுபெற வைத்தேன். இதைக் கேட்டுச் சிரித்துவிட்டுத்தான் நீ பெங்களூரிலிருந்து கன்ட்ரோலரை அனுப்பினாய்.

பெட்டியைத் திறந்தவுடன் எனக்கு அடையாளம் தெரிந்தது. நீ மூன்றாவதோ நான்காவதோ படிக்கும்போது தஞ்சாவூரில் வாங்கிக் கொடுத்த டிவி கேமில் வந்த அதே சாம்பல் நிறச் செவ்வகம். இடப்பக்கம் கூட்டல் குறி, வலப்பக்கம் இரண்டு சிவப்புப் பட்டன்கள். அந்தப் பழையதற்கு ஒரு வயர் இருந்தது. எவ்வளவு குட்டை வயர் என்றால், நீ திரையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்தால் பெட்டியே மேஜையிலிருந்து இழுபட்டுவிடும். கண் கெட்டுவிடும் என்று நானும், டிவி கெட்டுவிடும் என்று உன் அம்மாவும் கத்துவோம். இப்போது அதே பொருளை, வேண்டுமென்றே பழையது மாதிரி செய்து, வயரை மட்டும் எடுத்துவிட்டு விற்கிறார்கள். டிவியோடு சேரும், ஃபோனோடு சேரும், லேப்டாப்போடும் சேரும் என்று பெட்டியில் போட்டிருந்தது. உலகம் இத்தனை வருஷம் பாடுபட்டு முன்னேறி, அந்தக் குட்டை வயரை நீக்கியிருக்கிறது. நான் கேலி செய்யவில்லை. பல துறைகளில் அந்த அளவுகூட நடக்கவில்லை.

சேரும் என்று பெட்டியில் போட்டிருந்ததே தவிர, எதோடு சேர வேண்டும் என்பதை அது தானாகவே முடிவு செய்தது. இரண்டு பட்டன்களைச் சேர்த்து அழுத்திப் பிடித்தால் விளக்கு மினுக்கும், டிவி அதைக் கண்டுகொள்ளும் என்றாய். நான் பிடித்தேன், விளக்கு மினுக்கியது, உன் அம்மாவின் ஃபோன் கண்டுகொண்டது. ஏதோ ஒரு சாதனம் ஏற்றுக்கொண்டதே என்று நானும் அன்றைக்கு அதோடு விட்டுவிட்டேன். அதன் பிறகு உன் அம்மாவின் ஃபோனில் எழுத்து அடிக்கும் பலகை வருவது நின்றுபோனது. வாட்ஸ்அப்பில் வருவதையெல்லாம் படிக்க முடிந்தது, பதில் போட முடியவில்லை. அவள் தன் வீட்டு ஆட்கள் இருக்கும் குரூப்பில் மௌனமானாள். கொஞ்ச நாளில் உன் சின்னம்மா நாகப்பட்டினத்திலிருந்து பஸ் பிடித்து, ஒரு பை நிறைய நெத்திலிக் கருவாட்டோடு வந்து இறங்கினாள்.

"நான் என்னக்கா சொல்லிட்டேன், பேச்ச நிறுத்திட்ட?"

"யாருடி நிறுத்துனா?"

"மாப்பிள்ளை ஃபோட்டோ போட்டேன், ஒரு கும்பிடு கூட வரல. குரூப்ல எல்லாரும் என்னத்தான் கேக்கறாங்க, அக்காவ என்ன சொன்னேன்னு."

"கீபோர்டு வரலடி."

"வராம எங்க போச்சு? எனக்கெல்லாம் வருதே."

"ஒரு ஃபோன் போட்டுக் கேட்டிருக்கலாமில்ல?"

"போட்டு, நீ எடுக்கலன்னா? அதான் நேர்ல வந்துட்டேன்."

சாயங்காலம் நீ வீடியோவில் வந்து, கன்ட்ரோலரின் முதுகில் இருக்கும் சின்ன விசையைக் காட்டச் சொன்னாய். அது கீபோர்டு மோடில் இருந்தது. ஃபோன் அந்தச் சாம்பல் செவ்வகத்தை ஒரு கீபோர்டு என்று நம்பி, தன் சொந்தப் பலகையை உள்ளே இழுத்துக்கொண்டிருந்தது. விசையைத் தள்ளியதும் எல்லாம் சரியானது. உன் சின்னம்மா மட்டும் கடைசிவரை நம்பவில்லை. சமாதானம் ஆனதற்கு அடையாளமாகக் கருவாட்டை வைத்துவிட்டுப் போனாள். இதில் உனக்கு ஒரு புத்திமதி உண்டு. தூர தேசத்தில் இருக்கிறாய். உன்னிடமிருந்து இரண்டு நாள் பதில் வராவிட்டால் இங்கே யாரும் கீபோர்டைச் சந்தேகப்பட மாட்டார்கள்.

டிவியோடு சேர்ந்த பிறகும் ஒரு சங்கடம் இருந்தது. பட்டனை அழுத்தினால், திரையில் இருப்பது சற்று யோசித்துவிட்டு நகர்ந்தது. என் கைதான் தாமதம் என்று நினைத்து, இன்னும் முன்னாலேயே அழுத்திப் பார்த்தேன். அப்போது இரண்டு தடவை நகர்ந்தது. டிவியின் அமைப்புகளில் கேம் மோட் என்று ஒன்று இருப்பதையும், அதைப் போடாவிட்டால் டிவி படத்தை அழகுபடுத்துவதற்கு நேரம் எடுத்துக்கொள்ளும் என்பதையும் நீ விளக்கினாய். எனக்கு இதில் வியப்பு ஒன்றும் இல்லை. மோட்டார் பம்புக்கு மின்இணைப்பு கேட்டு மனு போட்டுவிட்டுக் காத்திருந்தவன் நான். அழுத்துவதற்கும் நகர்வதற்கும் நடுவே ஒரு இடைவெளி இருப்பதுதான் எனக்கு இயல்பாகப் பட்டது. கேம் மோட் போட்ட பிறகு அது உடனுக்குடன் நகர்ந்ததைத்தான் கொஞ்ச நாள் நம்ப முடியவில்லை.

ஆட்டம் உனக்குத் தெரிந்ததுதான். மேலேயிருந்து செங்கல்கள் பல வடிவங்களில் இறங்கும். திருப்பி, நகர்த்தி, இடைவெளி இல்லாமல் அடுக்க வேண்டும். ஒரு வரிசை முழுதாக நிரம்பினால் அது மறைந்துவிடும். சரியாகச் செய்ததெல்லாம் காணாமல் போகும், தப்பாக வைத்தது மட்டும் கண்முன்னே ஏறிக்கொண்டே வரும். கல்வித் துறையில் வேலை பார்த்தவனுக்கு இந்த விதியை யாரும் விளக்க வேண்டியதில்லை. எனக்குச் சிரமம் கொடுத்தது விரல்தான். கட்டைவிரல் ஒரு தடவை அழுத்தப் போய் மூன்று தடவை அழுத்தும். செங்கல் தட்டாமாலை சுற்றி, படுக்க வேண்டிய இடத்தில் நிற்கும். நான் அதை வகுப்பில் பேசுகிற தொனியில் கண்டிப்பேன். உன் அம்மா சமையலறையிலிருந்து, "செங்கலுக்குக் காது கேக்காது" என்பாள்.

ஆடி முடித்ததும் ஸ்கோர் உன் ஃபோனுக்குப் போய்விடும்படி நீ செய்திருந்தாய். "நீங்க ஒண்ணும் பண்ண வேணாம்பா. தினம் ஆடுங்க, அது தானா வந்துரும்" என்றாய். ஆடாவிட்டால் என்ன ஆகும் என்று கேட்டேன். "ஆடலன்னு வந்துரும்" என்றாய். இதற்கு முன் என்னைக் கண்காணித்தவர் மாவட்டக் கல்வி அதிகாரி. அவர் வருவதற்கு முன்னால் தகவல் சொல்லிவிட்டுத்தான் வருவார், கறிவேப்பிலைத் தொட்டிகளுக்கெல்லாம் சுண்ணாம்பு அடித்து வைத்திருப்போம்.

அந்த மாதக் கடைசியில்தான் நீ அந்த நிபந்தனையைச் சொன்னாய். நெதர்லாந்து வேலைக்குப் பதில் சொல்ல வேண்டிய நேரம் வந்திருந்தது. "கை தேறலைன்னா நான் போகலப்பா. உங்க ரெண்டு பேரையும் பெங்களூருக்கே கூட்டிட்டு வந்துடறேன். நிலத்தக் குத்தகைக்கு விட்டுருவோம்" என்றாய். "தேறினா?" என்றேன். "தேறினா போறேன்." நீ இரண்டுக்கும் தயாராக இருந்தது உன் குரலில் தெரிந்தது. என்னால்தான் அப்படி இருக்க முடியவில்லை. செங்கல் ஒழுங்காக விழுந்தால் நீ வெளிநாடு, நான் என் வரப்பு. விழாவிட்டால் எல்லாரும் உன் பெங்களூர் வீட்டுப் பன்னிரண்டாவது மாடி. ஒரு மனிதன் எங்கே சாவான் என்பதைச் சிவப்புப் பட்டனில் வைத்து முடிவு செய்கிற முறை விஞ்ஞானபூர்வமாகவே இருந்தது. ஜாதகத்தைவிட நம்பகமானது என்றுகூடச் சொல்லலாம்.

அந்த நிலத்தைப் பற்றி உன்னிடம் நான் அதிகம் பேசியதில்லை. அதில் பேசுவதற்கு அதிகம் இல்லை. ஒரு ஏக்கருக்குக் கொஞ்சம் கூட. வாய்க்காலுக்குத் தலைமடையும் இல்லை, கடைமடையும் இல்லை. தண்ணீர் வந்தால் விளையும். என் அப்பா அதே வயலில் இன்னொருவருடைய பண்ணையாளாக நடவுக்கும் அறுப்புக்கும் இறங்கியவர். நான் அதை வாங்கிய அன்று அவரை அழைத்துப் போனேன். வரப்புக்கு வந்ததும் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டார். இது நம்முடையதுப்பா, போட்டுக்கொண்டே நடக்கலாம் என்றேன். சரி என்று சொன்னார். செருப்பைக் கீழே வைக்கவில்லை. கடைசிவரை அந்த வரப்பில் அவர் செருப்புப் போட்டு நடந்து நான் பார்க்கவில்லை. நான் போட்டுக்கொண்டு நடக்கிறேன். அதற்கு ஒரு ஆள் அங்கே இருக்க வேண்டும் என்று நினைத்தேன். காரணம் இவ்வளவுதான். பெங்களூரில் சொன்னால் சிரிப்பார்கள் என்று அதை உன்னிடம் சொல்லவில்லை.

குறுவை முற்றி, அறுவடை மெஷின் வந்து வயலில் இறங்கிய அன்று மழை பிடித்துக்கொண்டது. வருஷா வருஷம் இந்த மழைக்கு நம் அறுவடைத் தேதி எப்படியோ தெரிந்துவிடுகிறது. ஈரத்திலும் இறங்குகிற பெல்ட் மெஷின்தான். ஆனால் கதிர் நனைந்துவிட்டால் அறுத்தும் பயன் இல்லை, கொள்முதல் நிலையத்தில் ஈரம் என்று திருப்பிவிடுவார்கள். எனவே மெஷின் வயலிலேயே நின்றது. டிரைவர் முருகேசன், ஆத்தூர்ப் பக்கத்துக்காரர், உன்னைவிட ஏழெட்டு வயது இளையவர். மெஷின் யார் வயலில் நிற்கிறதோ அவர் வீட்டில்தான் டிரைவருக்குச் சாப்பாடு என்பது இங்கே வழக்கம். முருகேசன் காலையில் வந்து இட்லி சாப்பிட்டார். மழை விடவில்லை. ஹாலில் உட்கார்ந்து காலை நீட்டலாமா மடக்கலாமா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். நம் வயலுக்காகக் காத்திருக்கிற ஆளை வெறும் கையோடு உட்கார வைப்பது மரியாதை இல்லை. பேப்பரை நீட்டினேன். டீக்கடையிலேயே படித்தாகிவிட்டது என்றார். புத்தகம் ஒன்று கொடுத்தேன். அட்டையை நன்றாகப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் வைத்தார். மூன்றாவதாகத்தான் கன்ட்ரோலரைக் கொடுத்தேன்.

"ஆடறீங்களா?"

"சார், இது அந்தச் செங்கல் கேமுதானே? சின்னப்புள்ளையில ஆடினது. வயர் எங்க சார்?"

"வயர் இல்லாமலே போகும்."

"எது வழியா?"

"அது எனக்கும் தெரியல."

முருகேசன் ஆட ஆரம்பித்தார். மத்தியானம் உன் அம்மா சாப்பிடக் கூப்பிட்டபோது, "இந்த ஒண்ணு முடிஞ்சிரட்டும்கா" என்றார். அந்த ஒன்று முடியவேயில்லை. செங்கல்கள் வந்து உட்கார்ந்தன, மறைந்தன, வந்து உட்கார்ந்தன. நானும் பக்கத்தில் நாற்காலி போட்டுப் பார்த்தேன். என் ஆட்டத்தையும் அவர் பார்த்தார். "சார் செங்கல்ல ரொம்பத் திட்டறாருக்கா. அதுங்க பயந்துக்கிட்டு எங்கயாச்சும் போய் நிக்குது" என்று உன் அம்மாவிடம் சொன்னார். "முப்பது வருஷமா புள்ளைங்களும் அப்படித்தான் நின்னுச்சுங்க முருகேசு" என்றாள் அவள். மறுநாளும் மழை. மறுநாளும் அவர் ஆடினார். ஸ்கோர் உனக்குப் போகிறது என்பது எனக்கு நினைவில் இருந்ததா இல்லையா என்று உன் அம்மா இப்போது எழுதுவதை நிறுத்திவிட்டுக் கேட்கிறாள். முதல் நாள் நினைவில் இல்லை. இரண்டாம் நாள் இருந்தது.

அன்று சாயங்காலம் நீ கூப்பிட்டாய். முருகேசன் தரையில் உட்கார்ந்து ரசம் சாதம் பிசைந்துகொண்டிருந்தார். எனக்கு ஃபோனைப் பிடிக்கச் சிரமம் என்பதால் ஸ்பீக்கரில் போட்டிருந்தது.

"அப்பா! என்னப்பா இது? ரெண்டு நாளா ஸ்கோர் எங்கயோ போயிருக்கு. டாக்டர் மாத்திரைய மாத்துனாரா?"

"இல்ல. மழை. வெளிய போக வழியில்ல. அதான் வீட்டுக்குள்ளயே ஓடுது."

"கை நடுங்கலியா?"

"ஆடறப்ப நடுங்கல."

"சத்தியமா நான் எதிர்பாக்கலப்பா. அம்மா, பாத்தீங்களா?"

"பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்" என்றாள் உன் அம்மா.

நான் சொன்ன ஒவ்வொரு வாக்கியமும் உண்மை என்பதைக் கவனித்திருப்பாய். ஆய்வுக்கு வருகிறவர்களுக்குப் பதில் சொல்லிச் சொல்லிப் பழகிய நாக்கு. நீ ஃபோனை வைத்த பிறகு முருகேசன் சாதத்தில் வைத்த கையை எடுக்காமலே என்னைப் பார்த்தார்.

"சார், ஆடினது நான்னு தம்பிக்குத் தெரியாதா?"

"தெரியாது."

"சொல்லிருங்க சார். பின்னாடி எதாச்சும் ஆயிடப் போவுது."

"ஒண்ணும் ஆகாது. மோர் ஊத்திக்குங்க."

உன் அம்மா மோர் ஊற்றினாள். அவர் போன பிறகு, "அவன் குரல்ல எவ்ளோ சந்தோஷம்" என்றாள். ஆமாம் என்றேன். "யாரு கையப் பாத்து?" என்றாள். மறுநாள் காலை எனக்குச் சட்டை பட்டன் போட்டுவிடும்போதுதான் மிச்சத்தைச் சொன்னாள். மேல் பட்டனிலிருந்து கீழ் பட்டன்வரை இறங்குவதற்குள் சொல்லி முடித்துவிட்டாள். "எனக்கு பெங்களூர் பிடிக்கும்னு இல்ல. அங்கன்னாலும் பட்டன் நான்தான் போடணும், இங்கன்னாலும் நான்தான் போடணும். அங்கன்னா பக்கத்து ரூம்ல ஒருத்தன் இருப்பான். அவ்ளோதான் வித்தியாசம்." அப்படியென்றால் நீயே கூப்பிட்டு அவனிடம் சொல் என்றேன். "உங்க கை. நீங்க சொல்லுங்க" என்றாள்.

இந்த இடத்தில் பேனாவைக் கீழே வைத்துவிட்டு எழுந்து போனாள். தோசைக்கு அரிசி களைய வேண்டுமாம். இப்போது திரும்பி வந்திருக்கிறாள். போன பத்தியை அடிக்க வேண்டுமா என்று கேட்டேன். வேண்டாம், இருக்கட்டும் என்கிறாள்.

மழை விட்டு, வெயில் அடித்து, முருகேசன் நம் வயலை அறுத்து முடிப்பதற்குள் நீ வேலைக்குச் சம்மதம் சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டாய். அந்தச் செய்தியைச் சொல்ல நீ கூப்பிட்டபோது நான் களத்தில் நெல்லுக்குப் பக்கத்தில் நின்றிருந்தேன். "ஸ்கோரப் பாத்துத்தான்பா தைரியம் வந்துச்சு" என்றாய். நல்லது என்றேன். அதுவும் உண்மைதான். நீ போவது நல்லது என்று நான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன். கடல் மட்டத்துக்குக் கீழே கிடக்கிற தேசம், ஆனால் தண்ணீரை வடிய வைப்பதில் கெட்டிக்காரர்கள் என்று படித்திருக்கிறேன். நம் ஊர் வடிகாலைப் பார்த்து வளர்ந்தவன் ஒருவன் போய் அதைப் பார்த்துவிட்டு வருவதில் தவறு இல்லை. நான் உன்னிடம் சொல்லியிருக்க வேண்டியது, போ, ஆனால் என் கை தேறவில்லை என்பது. அந்த வாக்கியத்தில் 'போ' என்பது மட்டும் உன் காதில் விழாது என்று பயந்து, பின்பாதியை விட்டுவிட்டேன்.

முருகேசன் நாகப்பட்டினம் பக்கம் மெஷினை ஏற்றிக்கொண்டு போனார். அதன் பிறகு கன்ட்ரோலர் என் கைக்கு வந்தது. நான் ஒரு நாள்கூட ஆட்டத்தை நிறுத்தவில்லை. இதை என் நேர்மைக்குச் சான்றாக வைத்துக்கொள். ஸ்கோர் பழைய இடத்துக்கு வந்தது, பிறகு அதற்கும் கீழே போனது. இப்போது கேட்பாய், அப்போது சொல்லிவிடலாம் என்று தினமும் காத்திருந்தேன். நீ கேட்டாய். "அப்பா, கன்ட்ரோலர்ல ஏதோ கோளாறு. பட்டனுக்கு அடியில ஒரு ரப்பர் இருக்கும். நீங்க ஆடின ஆட்டத்துக்கு அது தேஞ்சிருக்கும்." வேறொன்று அனுப்பினாய். அது பச்சை நிறத்தில், இன்னும் பழையது மாதிரி இருந்தது. அதிலும் ஸ்கோர் அப்படியே இருந்தது. டிவி தானாக அப்டேட் ஆகி கேம் மோட் போயிருக்கும் என்றாய். அமைப்புகளைத் திறந்து பார்த்தேன். போயிருக்கவில்லை. அதன் பிறகு உனக்கு விசா வேலை, பெட்டி கட்டுகிற வேலை. மகன் தன் அப்பாவின் கையைச் சந்தேகப்படுவதற்கு முன்னால் எத்தனை பொருட்களைச் சந்தேகப்படுவான் என்பதை நான் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். இதைக் குறையாகச் சொல்லவில்லை. என் அப்பாவுக்குப் பார்வை மங்கியபோது நானும் கண்ணாடியைத்தான் மாற்றிக்கொண்டே இருந்தேன்.

கிளம்புவதற்கு முன்னால் ஒரு நாள் வந்து தங்கிவிட்டுப் போனாய். நான் துண்டைக் கையில் சுற்றியபடியே இருந்தேன். கார்த்திகைக் குளிர் உதவியாக இருந்தது. ஒரு ஆட்டம் ஆடலாமா என்று கேட்டாய். சார்ஜ் இல்லை என்று உன் அம்மா சொன்னாள். அவள் ஏன் அப்படிச் சொன்னாள் என்று எனக்கு இன்னும் தெரியாது. இப்போது கேட்டாலும் எழுதிக்கொண்டுதான் இருக்கிறாள், நிமிரவில்லை. மறுநாள் காலை ரயிலுக்கு முன்னால் ஸ்டேஷன் வாசல் கடையில் டீ குடித்தோம். கடைக்காரர் உனக்கு முழு கிளாஸும் எனக்குப் பாதி கிளாஸும் வைத்தார். நீ இரண்டு கிளாஸையும் பார்த்தாய்.

"உங்களுக்கு ஏம்ப்பா பாதி?"

"சர்க்கரை."

கடைக்காரர் பாய்லர் பக்கம் திரும்பிக்கொண்டார். இந்த விவகாரம் முழுவதிலும் நான் சொன்ன ஒரே பொய் அதுதான். எனக்குச் சர்க்கரை கிடையாது. முழு கிளாஸ் கொடுத்தால் சிந்திவிடுகிறது. நீ அதை நம்பினாயா, நம்பியது மாதிரி இருந்தாயா என்று எனக்குத் தெரியவில்லை. ரயில் கிளம்பியபோது என் கையைப் பிடிக்காமல் தோளைத் தொட்டாய். எதுவாக இருந்தாலும், இனிமேல் நீ அதைத் தனியாகச் சுமக்க வேண்டாம் என்றுதான் இதை எழுதச் சொன்னேன். இதைப் படித்துவிட்டு டிக்கெட் போட்டு ஓடி வராதே. வந்தால் என்ன செய்வாய்? பட்டன் போட ஆள் இருக்கிறது. தாளடி நட்டாகிவிட்டது. தண்ணீர் நிற்கிறது. நான் தினமும் காலையில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறேன். திரும்பி வரும்போது கொஞ்சம் நேரமாகிறது, அவ்வளவுதான்.

உனக்குச் சொல்ல என்னிடம் பெரிய அறிவுரை எதுவும் இல்லை. வயதானவர்கள் சொல்வதில் உண்மையை மட்டும் பார்க்காதே, எதைச் சொல்லாமல் விட்டார்கள் என்றும் பார். ஒரு பொருள் வேலை செய்யவில்லை என்றால் அடுத்த பொருளை அனுப்புவதற்கு முன்னால் ஒரு தடவை ஆளைப் பார். அம்மாவிடம் பேசும்போது என்னைப் பற்றி மட்டும் விசாரிக்காதே. இந்தக் கடைசி வாக்கியம் நான் சொன்னதுதான், அவளாகச் சேர்த்ததல்ல. சேர்க்கக் கூடாது என்று அவள் மறுத்தாள்.

முருகேசன் போன வாரம் ஃபோன் செய்தார். தை அறுவடைக்கு மெஷின் நம் பக்கம்தான் வருகிறதாம். தம்பியிடம் சொல்லிவிட்டீர்களா என்று கேட்டார். எழுதிக்கொண்டிருக்கிறேன் என்றேன்.

உன் பெங்களூர் வீட்டுக்கு வாடகைக்கு ஆள் வந்துவிட்டதாக நேற்று நீ சொன்னதை உன் அம்மா சொன்னாள். கணவன், மனைவி இரண்டு பேரும் வேலைக்குப் போகிறவர்களாம். அந்தப் பையனுடைய அப்பா அம்மாவும் கூடவே இருக்கிறார்களாம். மூன்று வருஷத்துக்கு ஒப்பந்தம் எழுதியாகிவிட்டது.